பேச்சுக் கொடுத்தால் தடுமாறும் கால்: பாரிசவாதத்துக்குப் பிந்தைய நடையும் மூளையும்

நடப்பதற்கு மூளை எவ்வளவு தேவை? இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேலாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. பாரிசவாதத்தில் ஒரு பக்கக் கையும் காலும் இழுத்துக்கொண்ட ஒருவர் மறுபடி எழுந்து நடக்கும்போது கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஆளில்லாத வராந்தாவில் அவர் நன்றாகவே நடக்கிறார். பக்கத்தில் வருபவர் ஏதாவது கேட்டால் நடை தளர்கிறது, சிலருக்கு நின்றே போகிறது. இரண்டு வேலைகள் சேரும் அந்தக் கணத்தில் மூளைக்குள் நடப்பது என்ன, அதை அளப்பதால் நோயாளிக்கு என்ன பயன் என்பவற்றைப் பற்றிய கருத்துகளைத் திரட்டி மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து இதைப் பார்க்கக் காரணம் உண்டு. பசறை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளை, கொஸ்லாந்தைப் பக்கங்களில் வெறுங்கையோடு, வேறு நினைப்பின்றி, சமதரையில் நடக்கும் வாய்ப்பு ஒருவருக்குக் குறைவாகவே கிடைக்கிறது. லயத்திலிருந்து பீலிக்கரைக்குப் போனால் திரும்பும்போது கையில் குடம் இருக்கும். மலைக்குப் போனால் முதுகில் கூடை. 1924இல் பதுளையை எட்டிய ரயில் பாதை இன்றும் தெமோதரை, ஹாலிஎலப் பகுதிகளில் பலருக்கு நடைபாதையாகவும் இருக்கிறது. அங்கே கால் சிலிப்பர் கட்டையைத் தேட, காது ரயில் சத்தத்தைத் தேடும். மருத்துவ நூல்கள் இரட்டைப் பணி நடை என்று தனியே பெயரிட்டு ஆராய்வது இங்கே அன்றாட நடை.

நோயின் அளவைப் பற்றி ஓர் எண். கொழும்பு மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான மக்கள்தொகை ஆய்வு, வளர்ந்தோரில் ஆயிரத்துக்கு 10.4 பேர் பாரிசவாதம் கண்டவர்கள் என்று கணித்தது. அது நகர்ப்புறக் கணக்கு. உணவும் உழைப்பும் சிகிச்சைக்கான தூரமும் வேறுபட்ட தோட்டப்புறத்துக்கு அதை அப்படியே பொருத்த இயலாது.

முண்ணாணா, மூளையா?

பழைய விடை முண்ணாணுக்குச் சாதகமானது. 1911இல் தோமஸ் கிரஹாம் பிரவுன், மூளையோடு தொடர்பு துண்டிக்கப்பட்ட பூனையின் முண்ணாணே கால்களை மாறி மாறி அசைக்கும் தாளத்தை உண்டாக்கவல்லது என்று காட்டினார். 1966இல் மொஸ்கோவில் ஷிக், செவரின், ஓர்லோவ்ஸ்கி மூவரும் பூனையின் நடுமூளையில் ஒரு சிறு இடத்தை மின்னால் தூண்டினார்கள். பூனை நடந்தது, மின்னைக் கூட்டினால் ஓடியது. நடை தானாக ஓடும் ஒன்று, மூளையின் மேற்பரப்பு தொடக்கி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்ற எண்ணம் இவற்றால் வலுப்பெற்றது.

மனிதரிடம் இந்த விடை முழுதாகப் பொருந்தவில்லை. முண்ணாண் சேதமின்றி இருக்க, மூளையில் ஒரு குருதிக்குழாய் அடைபட்டாலே மனித நடை குலைகிறது. இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கும் உயிருக்குச் சமநிலை காப்பதே பெரிய வேலை. 2001இல் ஜப்பானின் இச்சிரோ மியாய் குழுவினர், ஓடுதளத்தில் நடப்பவரின் தலையில் ஒளி உணரிகளைப் பொருத்தி, நடக்கும் நேரத்தில் உச்சந்தலைக்குக் கீழுள்ள இயக்கப் பகுதிகள் செயல்படுவதைக் காட்டினர். பாரிசவாத நோயாளிகளிடம் அவர்கள் தொடர்ந்து செய்த வேலை, நடை தேறத் தேற இரு பக்க மூளைச் செயல்பாட்டின் ஏற்றத்தாழ்வு குறைவதை உணர்த்தியது. தாளம் கீழிருந்து வருகிறது, திருத்தமும் காவலும் மேலிருந்து வருகின்றன என்ற சமரசக் கருத்தே இன்று பெரும்பாலோர் ஏற்பது. மேலிருந்து வரும் பங்கு எவ்வளவு என்பதில்தான் சர்ச்சை. சேதப்பட்ட மூளையில் அந்தப் பங்கு கூடுவதாகவே தெரிகிறது.

நின்றுவிடும் நடை

மூளையை நேராகப் பார்க்கும் கருவிகள் பரவலாகும் முன்பே மிக எளிய ஒரு சோதனை வந்துவிட்டது. சுவீடனின் லுண்டின்-ஓல்சன் குழு 1997இல் லான்செற் இதழில் ஒரே ஒரு பக்க அளவில் எழுதிய குறிப்பு அது. முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்ல நின்றார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். கருவி இல்லை, செலவும் இல்லை. இத்துறையில் இவ்வளவு மலிவாக இவ்வளவு சொன்ன சோதனை வேறொன்றைக் காட்டுவது கடினம்.

ஆனால் பாரிசவாதம் கண்டவர்களிடம் அதன் கூர்மை குறைந்தது. இங்கிலாந்தின் ஹைண்ட்மன், ஆஷ்பர்ன் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வீடுகளில் வாழும் 63 நோயாளிகளில் 26 பேர் பேச்சுக்கு நின்றார்கள். அவர்களில் 16 பேர் பின்னர் விழுந்தார்கள். நிற்காதவர்களிலும் 14 பேர் விழுந்தார்கள். விழப்போகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரைச் சோதனை தவறவிட்டது என்பது இதன் பொருள். நின்றவரைக் கவனிக்க வேண்டும் என்று சொல்ல இது போதும். நிற்காதவர் பாதுகாப்பானவர் என்று சொல்லப் போதாது. பேச வேண்டி வந்தபோது நிற்பது சிலருக்குச் சரியான எச்சரிக்கையாகவும் இருக்கலாம். நிற்காமல் இரண்டையும் செய்ய முனைபவரே அதிகம் ஆபத்துக்குள்ளாகலாம்.

இரண்டாவது வேலை எது என்பதும் முக்கியம். ஏழு ஏழாகக் கழிப்பது, விலங்குகளின் பெயர் சொல்வது, ஒலிக்கு விடையளிப்பது எனப் பல பணிகள் கையாளப்பட்டுள்ளன. அமெரிக்காவின் பிரூடென்ஸ் பிளம்மர் குழு 2008இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஆய்வுக்கூடப் பணிகளைவிடச் சாதாரணப் பேச்சே நடையை அதிகம் குலைத்தது. பேச்சில் நினைவு, மொழி, மூச்சு, எதிராளியின் முகம் எல்லாம் சேர்வது காரணமாகலாம்.

கவனம் எங்கே போதாமல் போகிறது?

இந்தக் குலைவுக்கு மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. கவனம் அளவுள்ள ஒரே சேமிப்பு, பங்கிட்டால் குறையும் என்றார் டானியல் கானமன், 1973இல். ஒரு குறுகிய வாசல் இருக்கிறது, இரு முடிவுகள் ஒரே நேரத்தில் அதில் நுழைய முடியாது என்பது வெல்போர்ட் 1950களில் தொடக்கிப் பின்னர் ஹரல்ட் பாஷ்லர் வளர்த்த கருத்து. பார்வைக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று எனச் சேமிப்புகள் பல, ஒரே சேமிப்பைத் தொடும் பணிகளே மோதும் என்றார் கிறிஸ்டோபர் விக்கன்ஸ். மூன்றும் தத்தம் சோதனைகளில் நன்றாகவே நிற்கின்றன. முடிவு எப்படி வந்தாலும் விளக்கத்தை வளைத்துப் பொருத்திவிடலாம் என்பதே மூன்றின் பொதுப் பலவீனம்.

நெற்றிக்குப் பின்னால்

மோதல் நடக்கும் இடமாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் சுட்டுவது நெற்றிப்புற மூளையை. திட்டமிடுதல், கவனத்தை மாற்றுதல், தவறைத் தடுத்தல் போன்றவை அதன் வேலைகள். நடக்கும் மனிதரிடம் அதை அளக்க வழி திறந்தவர் பிரான்ஸ் யோப்சிஸ். சிவப்புக்குச் சற்று அப்பால் உள்ள அகச்சிவப்பு ஒளி, தோலையும் எலும்பையும் கடந்து மூளையின் மேற்பரப்பைத் தொட்டுத் திரும்பக்கூடியது என்று 1977இல் அவர் காட்டினார். ஒட்சிசன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாத ஹீமோகுளோபினும் அந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். ஓரிடத்தில் நரம்புக் கலங்கள் வேலை செய்தால் அங்கே குருதி பெருகும், திரும்பிவரும் ஒளி மாறும். காந்த அதிர்வுப் படக்கருவிக்குள் படுத்த நிலையில் நடையைக் கற்பனை செய்யச் சொல்வதற்கும், ஒரு பட்டியை நெற்றியில் கட்டிக்கொண்டு உண்மையாகவே நடப்பதற்கும் வேறுபாடு மிகப் பெரிது. 2011இல் நியூயோர்க்கில் ரோய் ஹோல்ட்சர் குழு, பேசியபடி நடக்கையில் நெற்றிப்புறச் செயல்பாடு ஏறுவதையும், முதியோரிடம் அந்த ஏற்றம் இளையோரைவிடக் குறைவாக இருப்பதையும் காட்டியது.

பாரிசவாதத்துக்குப் பின் என்ன ஆகிறது என்பதில் விடைகள் பிரிகின்றன. 2016இல் எமாட் அல்-யாஹ்யா உள்ளிட்ட ஒக்ஸ்போர்ட் குழுவினர், இரட்டைப் பணியில் நோயாளிகளின் நெற்றிப்புற மூளை மற்றவர்களைவிட அதிகம் எழுவதாகக் கண்டனர். 2018இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வு, நோயாளிகளிடம் அது குறைவாக எழுவதாகக் கண்டது. 2019இல் பிரான்சில், நோய் கண்டு அதிக காலம் ஆகாதவர்களிடம், வெறுமனே நடக்கும்போதே அளவு உயர்ந்துவிட்டது, இரண்டாவது பணியைச் சேர்த்தபோது அதற்குமேல் ஏறவில்லை.

மேலோட்டத்தில் இவை ஒன்றையொன்று மறுக்கின்றன. ரொய்ட்டர்-லோரன்ஸ், கப்பெல் இருவரும் முதுமை மூளையைப் பற்றி 2008இல் முன்வைத்த ஈடுகட்டல் கோட்பாடு ஒரு வழி காட்டுகிறது. அதன்படி, எளிய வேலைக்கே கூடுதல் மூளைப் பகுதிகளைத் துணைக்கு அழைக்க வேண்டியவருக்கு, வேலை கடினமாகும்போது அழைக்க மேலும் எதுவும் மிஞ்சாது. வலிமை ஓரளவு மீண்ட நோயாளியிடம் ஏற்றம் தெரியும். மீளாதவரிடம் நடையே எல்லையைத் தொட்டுவிட்டதால் ஏற்றம் தெரியாது. மூன்று ஆய்வுகளும் ஒரே வளைகோட்டின் மூன்று இடங்களைப் பார்த்திருக்கலாம். கவர்ச்சியான விளக்கம்தான். ஆனால் ஒரு நோயாளி அந்த வளைகோட்டில் எங்கே நிற்கிறார் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லாவிட்டால், இதுவும் எந்த முடிவையும் விழுங்கிவிடும்.

இன்னும் ஆழமான பிளவு, ஏறும் செயல்பாடு உதவியா சுமையா என்பது. உதவி என்போர், அது இழந்த தானியக்கத்தை ஈடுசெய்கிறது என்கிறார்கள். சுமை என்போர், மூளை திறனற்று வேலை செய்வதன் அடையாளம் அது, தேறத் தேறக் குறைய வேண்டும் என்கிறார்கள். ஒரே ஏற்றத்துக்கு ஒருவர் நல்ல பெயரும் மற்றவர் கெட்ட பெயரும் வைக்கும் நிலைமை இது. ஒரே நேரத்தில் நடையின் வேகத்தையும், சொன்ன விடைகளின் சரியையும், மூளை அளவையும் சேர்த்து, அதே மனிதரிடம் மாதக்கணக்கில் பார்த்தால் மட்டுமே பிரித்தறியலாம். இத்துறையின் ஆய்வுகள் பலவும் ஒரே தடவை, சில பத்துப் பேரிடம் அளந்தவை.

ஒளி சொல்வது எதை?

கருவியின் குறைகளை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். பளபளக்கும் வண்ணப் படங்கள் நோயாளியின் குடும்பத்துக்குத் தவறான நம்பிக்கையோ தவறான பயமோ தரக்கூடும்.

ஒளி மூளைக்குப் போகும் வழியில் தோலைக் கடக்கிறது. ஜப்பானில் தக்காஹாஷி குழு 2011இல், சொற்களை நினைத்துச் சொல்லும் பணியின்போது நெற்றியில் பதியும் மாற்றத்தின் பெரும்பகுதி தோலின் குருதியோட்டத்தால் வருவது என்று காட்டியது. தோலை மட்டும் தனியே அளந்து கழிக்கும் குறுந்தொலைவு உணரிகள் பின்னர் வந்தன. அவை இல்லாத ஆய்வுகளின் முடிவை அதற்கேற்ற எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். ஒளி ஆழத்துக்கும் போகாது. நடையில் பெரும்பங்கு கொண்ட சிறுமூளையின் உட்பகுதிகளும் அடிக்கருக்களும் மூளைத்தண்டும் இக்கருவிக்குத் தெரியாதவை.

பாரிசவாதம் குருதிக்குழாய்களின் நோய். நரம்புக் கலம் வேலை செய்தால் குருதி பெருகும் என்ற அடிப்படை உறவையே அது குலைக்கக்கூடும். அப்படியானால் அளவு குறைவதற்கு, மூளை செயல்படவில்லை என்பது ஒரு காரணம், குழாய் விரியவில்லை என்பது இன்னொரு காரணம். இரண்டையும் ஒளியால் மட்டும் பிரிக்க முடியாது.

ஊவாவுக்கு இக்கருவி வருமானால் மேலும் சில சிக்கல்கள் எழும். அடர்ந்த கருங்கூந்தலும் கறுத்த தோலும் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் சமிக்ஞை மெலியும். தோட்டப் பெண்களிடையே இரத்தசோகை நெடுங்காலமாக அறியப்பட்ட பிரச்சினை, இந்தக் கருவியோ ஹீமோகுளோபினின் மாற்றத்தையே அளப்பது. இரத்தசோகை உள்ள ஒரு பெண்ணின் குறைந்த அளவை ஒசாக்காவிலோ ஒக்ஸ்போர்டிலோ எடுத்த அளவோடு ஒப்பிட்டு இவரது மூளை எழவில்லை என்று எழுதினால் அது பெரும் பிழையாகலாம். ஏற்றத்தில் நடக்கும்போது இதயத் துடிப்பும் முகத்தோலின் குருதியும் தாமாகவே கூடும். சரிவில் எடுத்த அளவை வராந்தா அளவோடு வைத்துப் பார்க்கவும் முடியாது.

மலையில் நடப்பது

மேலே சொன்ன நடை ஆய்வுகளில் பலவும் ஓடுதளத்திலும் வைத்தியசாலை நடைபாதையிலும் செய்யப்பட்டவை. நடை வேகத்தை வைத்து நோயாளியை வகைப்படுத்தும் முறையும் அப்படிப்பட்டதே. ஜக்குலின் பெரி 1995இல் வகுத்தபடி, வினாடிக்கு 0.4 மீற்றருக்குக் குறைவானவர் வீட்டுக்குள் நடப்பவர், 0.8 மீற்றரைத் தாண்டியவர் ஊருக்குள் தாராளமாகப் போய்வரக்கூடியவர். நகரத் தெருவுக்கு இது உதவும் அளவுகோல். லயத்து வாசற்படி, அதற்கடுத்த கான், கல் பதித்த ஒற்றையடிப் பாதை, மழையில் வழுக்கும் செம்மண் ஆகியவை அதில் இல்லை. பாரிசவாதத்தில் பாதத்தின் முன்பகுதி தூக்க மாட்டாமல் தொங்குவது வழக்கம். சமதரையில் காலை வெளிப்பக்கமாக வீசி அதைச் சமாளிப்பவர் இறக்கத்தில் கல்லில் விரல் இடறுவார். இறக்கத்தில் முழங்காலை மெல்ல மடக்கி உடல் எடையைத் தாங்க வேண்டும், பலவீனப்பட்ட தொடைத் தசைக்கு அது கடினமான வேலை. பாதத்தைத் தாங்கும் பிளாஸ்ரிக் பட்டை மூடிய சப்பாத்துக்குள் போடுவதற்கென அமைந்தது, ரப்பர் செருப்போடு அது ஒத்துவராது.

சோதனைப் பணிகளும் இங்கே பொருந்துவதில்லை. நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது பள்ளிப் படிப்பைச் சார்ந்தது. ஐந்தாம் வகுப்போடு மலைக்கு வந்துவிட்ட ஒரு மூதாட்டிக்கு அது சோதனையாகாது, வெட்கமாகிவிடும். சோதிப்பவர் சிங்களத்தில் கேட்டு அவர் தமிழில் நினைத்துச் சிங்களத்தில் விடை சொன்னால், மொழிமாற்றம் மூன்றாவது பணியாகச் சேர்ந்துகொள்ளும். நடை குலைந்ததற்கு நோய் காரணமா மொழி காரணமா என்பது பிறகு தெரியாது.

எதற்கு முதலிடம் என்பது இன்னொரு விவாதம். ஆரோக்கியமானவர் ஆபத்து வரும்போது மற்ற வேலையை விட்டுச் சமநிலையைக் காக்கிறார் என்பது நிலைப்பே முதல் என்னும் கருத்து. நோயாளிகள் எப்போதும் அப்படிச் செய்வதில்லை என்று காட்டும் ஆய்வுகளும் உள்ளன. அந்தப் பிசகுக்கு ஆய்வாளர்கள் பெரும்பாலும் மூளைச் சேதத்திலேயே காரணம் தேடினார்கள். தோட்டத்தில் கூலிக்கும் அதில் இடம் கொடுக்க வேண்டும். கொழுந்தின் நிறை குறைந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, கிடைக்காது, அரைப்பேர்தான் விழும். ஓரளவு தேறி மலைக்குத் திரும்பிய பெண்ணின் கவனம் காலை விட்டுக் கைக்குப் போவதற்கு அதுவே போதும். தண்ணீர்க் குடத்தைச் சிந்தவிட்டால் மறுபடி பீலிக்குப் போக வேண்டும், ஆகவே குடம் காப்பாற்றப்படும், கால் இடறும். மூளையின் தேர்வு என்று வராந்தாவில் எழுதப்படுவது மலையில் வாழ்க்கையின் நெருக்கடியாகவும் இருக்கலாம். இதை எந்த நெற்றிப் பட்டியும் காட்டாது.

பயிற்சி மாற்றுமா?

இரண்டு வேலைகளைச் சேர்த்துப் பழக்கினால் நடை தேறும் என்ற நம்பிக்கையில் பல முயற்சிகள் நடந்தன. தாய்வானில் 2017இல் வெளியான சிறிய சோதனை, பழக்கப்பட்ட வகைப் பணியில் நடை மேம்படுவதாகச் சொன்னது. இங்கிலாந்தில் நாட்பட்ட நோயாளிகள் 50 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட சோதனையில், வெறும் நடைப் பயிற்சி பெற்றவர்களும் சிந்தனைப் பணியோடு பயிற்சி பெற்றவர்களும் இரு நிமிட நடைத் தூரத்தில் முன்னேறினார்கள். பணி சேர்த்ததால் அத்தூரத்தில் தெளிவான மேலதிக நன்மை கிடைக்கவில்லை. எதைப் பழகுகிறோமோ அதில் தேர்ச்சி, அதைத் தாண்டிப் பரவுவது குறைவு என்பதே இப்போதைக்கு நியாயமான வாசிப்பு. அப்படியானால் குடம் தூக்க வேண்டியவர் குடத்தோடுதான் பழக வேண்டும்.

பயிற்சியைக் குடும்பத்திடமே விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு இந்தியாவிலிருந்து வந்த விடை சோர்வூட்டுவது. 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளிகளிடம் நடத்தி 2017இல் லான்செற்றில் வெளியான சோதனையில், குடும்பத்தாருக்குக் கற்பித்து வீட்டில் செய்வித்த மறுவாழ்வுப் பயிற்சி வழமையான கவனிப்பைவிட மேலாக அமையவில்லை. ஆறு மாதத்தில் இரு குழுவிலும் 47 சதவீதத்தினர் பிறரைச் சார்ந்தவர்களாகவோ இறந்தோ இருந்தனர். தேர்ந்த இயன்மருத்துவர் தோட்டத்துக்கு வருவதற்கு மாற்றாக ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து அனுப்பலாம் என்று எண்ணும் நிர்வாகத்துக்கு இந்த முடிவைக் காட்ட வேண்டும்.

மதிப்பீடு

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. பாரிசவாதத்துக்குப் பின் நடை தன் தானியக்கத்தை இழந்து கவனத்தைக் கேட்கிறது. நெற்றிப்புற மூளை அதில் கூடுதலாக ஈடுபடுவதாகப் பெரும்பாலான சான்றுகள் சாய்கின்றன, ஆனால் ஈடுபாட்டின் அளவும் திசையும் நோயின் கட்டத்தையும் பணியின் கடினத்தையும் பொறுத்து மாறுகின்றன. அந்த ஈடுபாடு காப்பா சுமையா என்பது தீரவில்லை. ஒளி அளவை வைத்து தனி ஒரு நோயாளிக்குச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு அறிவு இன்னும் வரவில்லை. சரிவிலும் படியிலும் சுமையோடும் நடக்கும் மூளையைப் பற்றி சமதரை ஆய்வுகளிலிருந்து ஊகிப்பது துணிச்சலான தாவல்.

ஆகவே பதுளைக்கும் தோட்ட மருந்தகங்களுக்கும் இன்று தேவைப்படுவது விலையுயர்ந்த தலைப்பட்டி அல்ல என்பது என் முடிவு. ஒரு கடிகாரமும், பத்து மீற்றர் பாதையும், தமிழ் பேசும் ஒருவரும் போதும். நோயாளியை முதலில் பேசாமல் நடக்கச் செய்து நேரத்தைக் குறிக்கலாம். பிறகு ஊர்க்கதை கேட்டபடியும், தண்ணீர் நிறைந்த பாத்திரத்தோடும், பக்கத்தில் பிடிக்க ஆளோடு படியிலும் நடக்கச் செய்து எவ்வளவு தளர்கிறது என்று எழுதி வைக்கலாம். வீட்டுக்கு அனுப்பும் துண்டில் குருதி அமுக்க அளவோடு அந்த எண்ணும் இருந்தால், அடுத்த கிளினிக்கில் ஒப்பிட ஒரு ஆதாரம் கிடைக்கும். ஊவாவுக்கேற்ற ஆய்வு பின்னர் வருமானால் அதற்கும் அதுவே தொடக்கம். அந்த எண்ணைப் பார்க்காமல் எவரையும் மலைவேலைக்குத் தகுதியானவர் என்று எழுதிக் கொடுக்கக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாரிசவாதம் கண்டவர் படியில் இறங்கும்போதும் கானைத் தாண்டும்போதும் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள், கையில் எதையும் கொடுக்காதீர்கள். அவர் சமதரைக்கு வந்து நின்ற பிறகு பேசுங்கள்.